பொழிமுகத்து வள்ளம்

1. வாசலில் வந்து விழுந்த ஆள்

ஆனி மாதத்து மழை. கிழக்குக்கரை ஊரின் ஓலைக் கொட்டகையில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தேன். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட ஒரு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட விழுந்தான் என்பதே சரி. அவன் முகத்தைப் பார்த்ததும் உள்ளே இருந்த பெண்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். அவன் மேற்குக்கரைக்காரன்.

"டீச்சரம்மா, எங்க பிலோமினாளுக்கு முடியல்ல. பிள்ளைக்க கை மட்டும் வெளிய வந்து நிக்கி. மருத்துவச்சி தன்னால ஆவாதுன்னு சொல்லியாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். ஒரு வழி செய்யணும் டீச்சரம்மா."

அவன் ஒரு கட்டுமரத்தில் ஆற்றைக் கடந்து வந்திருந்தான். நடு ஆற்றில் மரம் புரண்டுவிட்டது. மரத்தை விட்டுவிட்டு நீந்திக் கரையேறியிருக்கிறான்.

இன்று சமூகப் பணியில் பட்டம் வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே நான் அங்கே என்ன வேலையில் இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி வருஷங்கள். நான் நாகர்கோவில்காரி. சென்னையில் பி.ஏ. படித்து முடித்துவிட்டு, ஒரு மிஷன் நடத்திய கிராம சேவை நிலையத்தில் 'வில்லேஜ் வொர்க்கர்' என்ற பெயரில் சேர்ந்திருந்தேன். தேங்காய்ப்பட்டணத்தை ஒட்டிய கடற்கரைக் கிராமங்கள் என் பொறுப்பு. தையல் வகுப்பு நடத்துவேன். பிள்ளைகளின் சொறிக்குக் கந்தகக் களிம்பு போடுவேன். கிணற்றுக்கு மருந்து இடுவேன். நோயாளிகளுக்குச் சீட்டு எழுதி உள்நாட்டில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். சோஷியல் வொர்க் என்ற சொல்லே அங்கு யாருக்கும் தெரியாது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் டீச்சராக இருந்ததில்லை. ஆனாலும் எல்லாருக்கும் நான் டீச்சரம்மாதான். நான் பிராட்டஸ்டண்ட் சபைக்காரி. கடற்கரை முழுக்கக் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு வேறு கோயிலுக்குப் போவோம். மற்ற நாட்களில் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வோம்.

ஆறு கடலில் சேரும் இடத்தைப் பொழிமுகம் என்பார்கள். பொழிமுகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் ஊர், அந்தப் பக்கம் ஒரு மீனவர் ஊர். பெயர்களை எழுதப்போவதில்லை. கிழக்குக்கரை, மேற்குக்கரை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் ஒரே வேதம், ஒரே தொழில். முன்பு கொடுக்கல் வாங்கல் சம்பந்தம்கூட உண்டு. நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தின வருஷம் பொழிமணலில் வலை இழுக்கும் எல்லையைப் பற்றிச் சண்டை வந்து, கலகமாகி, கிழக்குக்கரைக்காரர் ஒருவர் கத்திக்குத்துப்பட்டு இறந்துபோனார். குத்தியவன் மேற்குக்கரை சவரிமுத்து. அவன் திருவனந்தபுரம் ஜெயிலில் இருந்தான். ஆத்திரத்தில் கிழக்குக்கரை ஆட்கள் போய், மேற்குக்கரையில் இருந்த வள்ளங்களை எல்லாம் கோடாலியால் வெட்டிப் பிளந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே கட்டுமரம் மட்டும்தான்.

பிலோமினாள் அந்தச் சவரிமுத்துவின் மனைவி. அவன் ஜெயிலுக்குப் போன பிறகு ஒரு தடவை ஜாமீனில் வந்து, அப்பீலும் தள்ளுபடியாகித் திரும்பப் போனவன். தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தது.

2. யாரிடம் கேட்பது

வழிகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். சர்க்கார் கடத்துத் தோணியை வெள்ளத்துக்குப் பயந்து மேலே எங்கோ கட்டிவிட்டார்கள். குழித்துறைப் பாலத்தைச் சுற்றிப் போகலாமென்றால் தென்னந்தோப்புகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். கட்டுமரம் நாலு மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. அலை அதன்மேல் ஏறிப் போகும். வலியில் கிடக்கும் பெண்ணை அதில் படுக்க வைக்க முடியாது. பக்கப்பலகை உள்ள வள்ளம் வேண்டும். வள்ளம் இருந்தது கிழக்குக்கரையில் மட்டும்.

எங்கள் நிலையத்து சூப்பரின்டெண்ட், வேலையில் சேர்ந்த அன்றே எனக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார்.

"பாருங்கம்மா, அவிய சண்டை அவியளுக்கு. இஞ்ச உள்ளத அங்க பறயாதிய, அங்க உள்ளத இஞ்ச பறயாதிய. ஒரு கரைக்கு ஆளாயிட்டியன்னா மத்த கரையில நமக்கு வேலை இல்ல."

நல்ல கட்டளைதான். அதுவரை அதன்படியே நடந்தேன். ஆனால் அவரைக் கேட்டு வர ஒரு பொழுது ஆகும். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

கடற்கரைக்குப் போனேன். கடல் கொந்தளித்ததால் தொழிலுக்குப் போகாத ஆண்கள் வலைக்கொட்டிலில் கூடியிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் எழுந்தார்.

"யாருக்க பெண்டாட்டிக்கு? சவரிமுத்துக்க பெண்டாட்டிக்கா? டீச்சரம்மா, ஒங்களுக்கு இஞ்ச உள்ள மொறையெல்லாம் தெரியாது. போய்த் துணி தையுங்க."

"ஒரு உயிர், அண்ணாச்சி. ரெண்டு உயிர்."

"எங்களுக்குப் போனது உயிரில்லியா?"

கொட்டிலின் மூலையில் சூசை என்பவர் உட்கார்ந்திருந்தார். கிழக்குக்கரையிலேயே நல்ல தண்டுக்காரர் அவர்தான். வள்ளத்தைத் திசை திருப்பிப் பிடிப்பவரைத் தண்டுக்காரர் என்பார்கள். இறந்துபோனவர் அவருடைய சொந்தத் தம்பி. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நல்ல வள்ளம்ன்னு இந்தக் கரையில ஒண்ணு கெடக்கு. அது எந்தம்பிக்குள்ளது. இப்ப லூர்தம்மாளுக்குள்ளது. தைரியம் உண்டும்ன்னா அவகிட்ட போய்க் கேளுங்க."

கொட்டிலில் யாரோ சிரித்தார்கள். என்னை விரட்டுவதற்குச் சொன்ன வார்த்தை அது. லூர்தம்மாள் இறந்தவரின் மனைவி. கொன்றவனின் மனைவிக்காக, கொலையுண்டவனின் மனைவியிடம் போய் வள்ளம் கேள் என்கிறார்.

கேட்கத்தான் போனேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு போக்கிடம் இல்லை.

3. லூர்தம்மாள்

அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். உள்ளே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் அந்த வீட்டுக்கு அதற்கு முன் ஓரிரு தடவை போயிருக்கிறேன். ஒன்றும் பேசமாட்டாள். வாங்க என்பாள், போறியளா என்பாள், அவ்வளவுதான்.

நான் வாசலிலேயே நின்றேன். வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்லலாம் என்று மனதுக்குள் கட்டிக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"லூர்தம்மா, ஒரு பெண்ணுக்குப் பிரசவம் முடியாமக் கெடக்கு, பிள்ளைக்க கை மட்டும் வெளிய வந்திருக்கு. அக்கரையில. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக உங்க வள்ளம் வேணும்."

"அக்கரையில யாருக்க வீட்டுல?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் எனக்கு அது தோன்றாமல் போனதற்கு இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

"சவரிமுத்துவுக்க பெண்டாட்டி."

அவள் கை நின்றது. வெளியே மழைச் சத்தம். என் முகத்தைப் பார்க்கவில்லை. வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள், கதவை அடைப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவளுக்கு எத்தனாவது பிள்ள?"

"தலப்பிள்ள."

"வேதன எப்பம் தொடங்கிச்சி?"

"நேத்து விடியக்காலம்."

வலை பின்னும் ஊசியைக் கீழே வைத்தாள். எழுந்து கொடியில் கிடந்த ஒரு போர்வையை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். "வாருங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். நான் ஓடவேண்டியிருந்தது.

கொட்டிலின் முன்னால் போய் நின்றாள்.

"வள்ளத்த எறக்குங்க."

"ஏட்டி, ஒனக்குக் கோட்டி புடிச்சிட்டா?" என்று கத்தினார் ஒருவர். "யாருக்குன்னு தெரிஞ்சாக்கும் பறயுதியா?"

"தெரியும். எனக்க மாப்பிளைய குத்தினவன் செயில்ல கெடக்கான். இவ யாரையும் குத்தல்ல. எறக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. அவள் ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்தாள். பிறகு நேராக வள்ளத்தின் பக்கம் போய், விளிம்பில் கையை ஊன்றி ஏறி உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

இதைப் படிக்கும் உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதன் கனம் தெரியாது. கடற்கரையில் பெண்கள் தொழில் வள்ளத்தைத் தொடக்கூட மாட்டார்கள். தொட்டால் மீன் படாது, ஆபத்து வரும் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. அவளோ உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். துடுப்பு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வரல்லன்னா நாங்க ரெண்டு பேரும் தொழவிப் போறோம். டீச்சரம்மா, ஏறுங்க."

எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாது. நீச்சலும் தெரியாது. ஏறினேன். அவள் சொன்ன குரலுக்கு ஏறாமல் இருக்க முடியாது.

அப்போது சூசை எழுந்து வந்தார். முகம் கருத்து இறுகியிருந்தது. மணலில் காறித் துப்பினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வள்ளத்தின் பின்பக்கம் தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அவர் தள்ளியதும், இன்னும் சிலர் வந்து தோள் கொடுத்தார்கள். வள்ளம் தண்ணீரில் இறங்கியதும் அவர்கள் ஏறித் துடுப்பை எடுத்தார்கள், சூசை தண்டைப் பிடித்தார்.

4. ஆறு

மழைக்காலத்து ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தவள்தான் நான். அன்றுதான் அதன் மேல் இருந்தேன். மலையிலிருந்து வந்த செம்மண் வெள்ளம் முழுவேகத்தில் கடலுக்கு ஓடியது. கடல் அதை உள்ளே விடாமல் திருப்பி அடித்தது. இரண்டும் மோதும் இடத்தில் தண்ணீர் எழுந்து நின்றது. வேரோடு வந்த தென்னைமரம் ஒன்று அங்கே போனதும் தீக்குச்சி மாதிரி முறிந்ததைப் பார்த்தேன். வள்ளம் அந்தப் பக்கம் இழுபட்டால் அதே கதிதான் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

சூசை வள்ளத்தை நேரே அக்கரைக்கு விடவில்லை. கரையோரமாகவே ஆற்றின் மேல்பக்கம் வெகுதூரம் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து குறுக்கே விட்டார். ஆறு எங்களைக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. துழாவியவர்களின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. "வலி, வலி, வலி" என்று துடுப்பை இழுக்கச் சொல்லும் சூசையின் குரல் மட்டும் கேட்டது. அக்கரை மணல் கண்ணுக்குத் தெரிந்தபோது வேறொரு பயம் வந்தது.

மேற்குக்கரை ஆட்கள் கரையில் திரண்டு நின்றார்கள். கையில் கம்பும் கல்லும். கிழக்குக்கரை வள்ளம், ஆட்களோடு, சூசையே தண்டு பிடித்து வருகிறது. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஒரு கல் வந்து தண்ணீரில் விழுந்தது. யாரும் துழாவுவதை நிறுத்தவில்லை. லூர்தம்மாள் எழுந்து நின்றாள். ஆடுகிற வள்ளத்தில் எதையும் பிடிக்காமல் நின்றாள். தலையில் கிடந்த துணியை இழுத்து எடுத்துத் தன் முகத்தைக் காட்டினாள்.

கரையில் இருந்தவர்கள் அவளை அறிந்தார்கள். கம்புகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. பின்வரிசையில் ஒரு பெண் சத்தமாக அழ ஆரம்பித்தாள்.

பிலோமினாளை ஒரு கதவுப்பலகையில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். இருபது வயதுகூட ஆகாத பெண். உதடு வெளுத்திருந்தது. கூட வந்தவள் மாமியார் சிசிலியம்மாள். ஜெயிலில் இருக்கிறவனைப் பெற்றவள். அவள் லூர்தம்மாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏறுங்க. நேரம் போவுது" என்றாள் லூர்தம்மாள். பிறகு பலகையின் தலைமாட்டில் உட்கார்ந்து, பிலோமினாளின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வள்ளம் கிளம்பியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வெளிய வந்த கையில மருத்துவச்சி வெள்ளம் ஊத்தினாளா?"

பிள்ளை பிழைக்காது என்று தோன்றினால், வெளியே தெரியும் உறுப்பில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம்.

"ஊத்தினா மக்கா, ஊத்தினா" என்றாள் சிசிலியம்மாள்.

திரும்பி வந்த வழி எனக்கு முழுதாக நினைவில்லை. ஒரு அலை பக்கப்பலகையைத் தாண்டி உள்ளே விழுந்ததும், நானும் சிசிலியம்மாளும் கையால் தண்ணீரை வாரி வெளியே ஊற்றியதும் தெரியும். இன்னொன்றும் தெரியும். ஒவ்வொரு அலையிலும் லூர்தம்மாள் குனிந்து, தன் முதுகில் தண்ணீரை வாங்கிக்கொண்டு, பிலோமினாளின் முகத்தை நனையாமல் பார்த்துக்கொண்டாள்.

தேங்காய்ப்பட்டணத்துக் கடைத்தெருவில் கொப்பரை வியாபாரம் செய்த ஒரு சாயிபு தம் வில்வண்டியைக் கொடுத்தார். யாருக்கு, என்ன என்று கேட்கவில்லை. மாடு பூட்டும்போதே வைக்கோலைத் தாமே பரப்பினார்.

5. திரும்பிய வள்ளம்

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிலோமினாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை போயாச்சு. தாயைப் பார்க்கலாம். நீங்க இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா அதுவும் இல்ல."

தாய் பிழைத்தாள். அதைச் சாதாரணமாக எழுதிவிட்டேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் செய்தியைக் கேட்டபோது சூசை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அங்கேவரை எங்களோடு வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்திருந்தார். ஏன் வருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பிலோமினாளுக்குக் காய்ச்சல் கண்டிருந்ததால் மாமியார் வார்டை விட்டு அகல முடியாது. பிள்ளையை அடக்கம் செய்யவேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு பெஞ்சின்மேல் வைத்திருந்தார்கள். ஆண்பிள்ளை. சிசிலியம்மாள் அதையும் வார்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இவளுக்கக் கூட இரிங்க" என்றாள் லூர்தம்மாள். "பிள்ளைய நான் கொண்டு போறேன்."

சிசிலியம்மாள் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். என் வேலையில் அதற்குப் பிறகு எத்தனையோ கமிட்டிகளிலும் கோர்ட்டுகளிலும் எத்தனையோ சமாதானங்கள் எழுதப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு அந்தச் சின்னத் துணிமூட்டை மாறியதுபோல ஒன்றை இன்னும் நான் பார்க்கவில்லை.

அதே வள்ளத்தில் ஆற்றைக் கடந்தோம். வெள்ளம் கொஞ்சம் வடிந்திருந்தது. மேற்குக்கரையில் பொழிமணலில் இறங்கி நடந்தோம். சூசை எனக்குப் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இந்த எடத்துலதான் எந்தம்பி விழுந்தான்" என்றார். லூர்தம்மாளுக்கும் அந்த இடம் தெரியும். அவள் நிற்கவில்லை. பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டி நடந்தாள்.

தெருவின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. அவள் வர வர, உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். சவரிமுத்துவின் தகப்பன் எதிரே வந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"கோயிலுக்குக் கொண்டு போவோம்" என்றாள்.

கோயிலில் சாமியார் தயங்கினார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்றால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது.

"வெள்ளம் ஊத்தினது உண்டு சாமி" என்றாள் லூர்தம்மாள். "வள்ளத்துல வச்சு நானே கேட்டேன், உண்டும்ன்னு பறஞ்சாவ."

கொன்றவனின் பிள்ளைக்கு, கொலையுண்டவனின் மனைவி சாட்சி. சாமியார் குழி தோண்டச் சொன்னார்.

சண்டை அன்றோடு தீர்ந்ததா என்றால், இல்லை. அடுத்த சீசனிலேயே வலை எல்லையைப் பற்றி மறுபடியும் வாக்குவாதம் வந்தது. தூஷணம் பேசிக்கொண்டார்கள். ஆனால் யாரும் கத்தி எடுக்கவில்லை. மேற்குக்கரையில் புது வள்ளம் ஒன்று கட்டியபோது, பலகை வளைக்க சூசை போயிருந்தார் என்று கேள்விப்பட்டேன். சூப்பரின்டெண்ட் என்னைக் கூப்பிட்டு, "நான் பறஞ்சத கேக்காம போனிய" என்றார். ஆமாம் என்றேன். "செரி, போங்க. வேலையப் பாருங்க" என்றார்.

6. வகுப்பு

முப்பதுகளின் நடுவில் மிஷன் என்னை ஒரு வருஷம் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. திரும்பி வந்ததும் ஒரு பல்கலைக்கழகத்தில் லெக்சரர் வேலை கிடைத்தது. பொருளாதாரத் துறையின் ஒரு மூலையில் சமூக சேவை பற்றிய பாடம் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். அதை நடத்த ஆள் வேண்டியிருந்தது. தலைமைப் பேராசிரியர் கண்டிப்பானவர், நல்லவர்.

"கேஸ் ஹிஸ்டரி சொல்லுங்கோ, வேண்டாம்னு சொல்லலை" என்றார் முதல் நாளே. "ஆனா கிளாஸ் ரூமை பிரசங்க மேடை ஆக்கிடாதீங்கோ."

சில வாரம் புத்தகத்தில் உள்ளதைத்தான் நடத்தினேன். சேவை என்றால் என்ன, அதன் வகைகள் என்ன, மேல்நாட்டில் எப்படித் தொடங்கியது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒருநாள் மதியம், வெளியே மழை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பொழிமுகத்துக் கதையை உள்ளது உள்ளபடி சொன்னேன்.

முடித்ததும் முன்வரிசையில் ஒரு மாணவர் எழுந்தார். "மிஸ், இதுல வொர்க்கர் செஞ்சது என்ன? நீங்க ஒண்ணுமே செய்யலியே?"

"உண்மைதான். கேட்டேன். வள்ளத்தில் தண்ணி இறைச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவள்.

"அந்த அம்மா ஏன் மிஸ் சம்மதிச்சாவ?"

அன்பு என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்பு, விசுவாசம் என்று ஏதாவது ஒன்றைக் கரும்பலகையில் எழுதியிருக்கலாம். எதுவும் சரியென்று படவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. நான் கேட்டதில்லை."

பேராசிரியருக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. "லெக்சரர் தெரியாதுன்னு சொல்லலாமா?" என்று வருத்தப்பட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், வடசேரியில் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனேன்.

லூர்தம்மாள் தேங்காய்ப்பட்டணத்துச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. பக்கத்துக் கூடையருகே உட்கார்ந்திருந்தவள் பிலோமினாள். எனக்குக் கருப்பட்டிக் காப்பி வாங்கிவரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, லூர்தம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மெலிஞ்சு போயிட்டிய. பட்டணத்துல சோறு இல்லியா?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அன்றைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அவள் முதலில் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மீனுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு விலை சொல்லி அனுப்பினாள். பிறகுதான் பேசினாள்.

"அவரு போனதுக்குப் பொறவு எல்லாரும் எனக்க வீட்டுக்கு வந்திய. சாமியாரு வந்து அரிசி தந்தாரு. நீங்களும் வந்து சீல தந்திய, ஓர்மை உண்டா? கரைக்காரனுவ வந்து, பழிக்குப் பழி வாங்கித் தாறோம்ன்னானுவ. எல்லாரும் தாறதுக்குத்தான் வந்திய. வாங்கி வாங்கி நான் செத்துப் போனது போலேயே கெடந்தேன். அண்ணைக்கு நீங்க கேக்க வந்திய. எனக்கிட்ட வந்து கேக்கதுக்கும் ஒரு பொருளு உண்டுன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சிது."

அவள் கூடைமேல் ஓலையை இழுத்து மூடினாள்.

"வேற எங்கயாவது வள்ளம் கெடச்சிருந்தா நீங்க எனக்க வாசலுக்கு வந்திருக்க மாட்டிய. அதும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

விடுமுறை முடிந்து முதல் வகுப்பில், அவள் சொன்னதை அவள் சொன்ன பேச்சிலேயே சொன்னேன். அந்தத் திருநெல்வேலிப் பிள்ளை எழுதவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேராசிரியர் அன்று கதவுக்கு வெளியே நின்றிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு என் வகுப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதும் இல்லை.

நான் கற்றுக்கொண்டதை இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொடுப்பது எளிது. அரிசியும் சீலையும் கொண்டுபோகிறவளை யாரும் விரட்டமாட்டார்கள். எல்லாம் போய்விட்டது என்று ஊர் நினைக்கிற ஒருத்தியின் வீட்டுக்கு வெறுங்கையோடு போய், உன்னிடம் இருப்பது எனக்கு வேண்டும் என்று கேட்பதுதான் கடினம். பல தடவை கேட்டிருக்கிறேன். எல்லாத் தடவையும் பலித்ததில்லை. சில இடங்களில் கதவை அடைத்திருக்கிறார்கள். சில இடங்களில் வாய்க்கு வந்ததைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படி ஒரு வாசலில் போய் நிற்கும்போது எனக்குக் கால் நடுங்கும். உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவராக இருக்கக்கூடும் என்று நமக்குத் தெரியாது, அதனால் வருகிற நடுக்கம் அது. அது உங்களுக்கு எந்த நாளில் இல்லாமல் போகிறதோ, அந்த நாளில் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.